வேலைக்குப் போகிறவரின் ஐந்து வேளைத் தொழுகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) முடிந்த பள்ளிவாசல் வாசலிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேட்பவர்களில் பெரும்பாலோர் சென்னையில் வேலை பார்ப்பவர்கள் என்பதால், கீழே உள்ள நேரங்கள் சென்னைக்கு உரியவை. மதுரைக்கு ஏறக்குறைய 8 நிமிடமும் கோவைக்கு ஏறக்குறைய 13 நிமிடமும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் (மத்ஹப்: மார்க்கச் சட்டப் பள்ளி), வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமும் உள்நாட்டு ஊர்கள் பலவற்றிலும் ஹனஃபி மத்ஹபும் வழக்கில் உள்ளன. சட்டம் வேறுபடும் இடங்களில் இரண்டையும் சொல்லியிருக்கிறோம்.

வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் மொத்தமா தொழுதா போதாதா?

போதாது. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று குர்ஆன் (4:103) சொல்கிறது. வேண்டுமென்றே நேரம் தவறவிட்டுப் பிறகு தொழுவது களா. கடன் தீரும், தவறவிட்ட பாவம் தனியாக நிற்கும். இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தொழுகை நேரத்தை பாங்கு சொல்லும் அந்த ஒரு நிமிடமாக நினைக்கிறார்கள். பாங்கு நேரத்தின் தொடக்கம்தான். மதியத் தொழுகையான லுஹருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வேலைநாளில் நெருக்கடி தருவது சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் ஒன்றுதான், அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

ஒரு வக்துக்கு நிஜமா எத்தனை நிமிஷம் வேணும்? மேனேஜர் கேட்டா என்ன சொல்றது?

ஒளுவுக்கு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) 2 முதல் 3 நிமிடம். நான்கு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) பர்ளை (கட்டாயத் தொழுகை) நிதானமாகத் தொழ 6 நிமிடம். நடந்து போய் வருவதையும் சேர்த்து 12 நிமிடம் என்று சொல்லுங்கள். டீ இடைவேளையை விட அதிகமில்லை. "தொழப் போகணும்" என்று மட்டும் சொன்னால், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாதவர் அரை மணி நேரம் என்று நினைத்துக்கொள்வார். "மதிய உணவு நேரத்துக்குள் ஒரு முறை, நாலேகாலுக்கு 12 நிமிடம் ஒரு முறை" என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு.

நேரம் நெருக்கினால் முன்பின் சுன்னத்துகளை (கட்டாயமல்லாத கூடுதல் தொழுகைகள்) விட்டு பர்ளை மட்டும் தொழலாம். ஹனஃபியில் வித்ரு வாஜிப் (பர்ளுக்கு அடுத்த நிலைக் கட்டாயம்) என்பதால் அதை விட முடியாது. அது இரவுத் தொழுகை, வீட்டிலேயே முடிந்துவிடும். ருகூவிலும் (குனிதல்) சுஜூதிலும் (நெற்றியைத் தரையில் வைத்தல்) உடல் அசைவற்று நிலைப்பதைச் சுருக்காதீர்கள். அவசரத்தில் முதலில் கெடுவது அதுதான்.

லுஹர், அஸர் நேரம் சரியா எப்ப தொடங்கி எப்ப முடியுது?

சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர். சென்னையில் அது ஆண்டு முழுக்க 11.53க்கும் 12.23க்கும் இடையில் நகரும். நவம்பரில் முன்னால், பிப்ரவரியில் பின்னால். ஒரு பொருளின் நிழல், உச்சிநேர நிழல் போக, அதன் உயரத்தளவு நீண்டதும் ஷாஃபிஈ அஸர் தொடங்கும்: 3.10 முதல் 3.45க்குள். ஹனஃபியில் நிழல் இருமடங்கு ஆக வேண்டும்: 4.00 முதல் 4.50க்குள். அதுவரை ஹனஃபிகளுக்கு லுஹர் நேரம் நீள்கிறது.

மாலை 4 மணி மீட்டிங் 6.30 வரை இழுக்கும் என்று தெரிந்த ஹனஃபி என்ன செய்வது? இமாம் அபூஹனீஃபாவின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் ஒரு மடங்கு நிழலிலேயே அஸர் தொடங்கிவிடும் என்றார்கள். தேவை வரும்போது அதன்படி 3.50க்குத் தொழுதுவிட்டு மீட்டிங்குக்குள் போகலாம் என்று ஹனஃபி ஆலிம்கள் பலர் அனுமதிக்கிறார்கள். மத்ஹபை விட்டு வெளியே போகவே வேண்டியதில்லை. சூரியன் மஞ்சளிக்கும் கடைசி 20 நிமிடத்துக்கு அஸரைத் தள்ளுவது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). ஆனாலும் அன்றைய அஸரை விட்டிருந்தால் அப்போதாவது தொழுதே ஆக வேண்டும்.

என் மொபைல் ஆப்ல ஒரு நேரம், பள்ளிவாசல் அட்டவணையில ஒரு நேரம். எது சரி?

ஆப்பின் அமைப்பில் 'கணக்கு முறை' என்று ஒன்று இருக்கும். நம் பகுதிக்குக் கராச்சி இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழக முறை பொருந்தும்: சுபுஹுக்கும் (அதிகாலைத் தொழுகை) இஷாவுக்கும் (இரவுத் தொழுகை) சூரியன் அடிவானத்துக்கு 18 பாகை கீழே. வட அமெரிக்க முறையில் 15 பாகை. அது தேர்வாகியிருந்தால் சுபுஹு சுமார் 13 நிமிடம் தாமதமாகக் காட்டும். மற்ற நாளில் பெரிய கேடில்லை, ரமலானில் அதை நம்பி ஸஹர் சாப்பிட்டால் நேரம் தாண்டிச் சாப்பிட்டவர் ஆவீர்கள். அஸருக்கு மத்ஹபைத் தேர்ந்தெடுக்கும் இடம் தனியாக இருக்கும், அதையும் பாருங்கள்.

ஆபீஸ் வாஷ்பேசின்ல காலைத் தூக்கி வைக்கிறது சங்கடமா இருக்கு. வேற வழி?

தூக்கி வைக்க வேண்டாம். மற்றவர்கள் முகம் கழுவும் இடம் அது, அவர்கள் முகம் சுளிப்பதில் தப்பில்லை. பேசினில் முகம், முழங்கை வரை கை, தலை மஸ்ஹு (ஈரக்கையால் தடவுதல்) முடித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அங்குள்ள கைக்குழாயில் கால் கழுவுங்கள். முதலில் தரையில் தண்ணீர் அடித்துவிட்டால் தெறிக்கும் நீர் பற்றிய கவலை இல்லை. ஷாஃபிஈயில் வரிசை பர்ளு. கால் கடைசியாக வருவதால் இந்த முறையில் வரிசை மாறாது. வெளியே வரும்போது தரை ஈரத்தைத் துடைத்துவிட்டு வாருங்கள். தொழும் ஊழியர்கள் மீது புகார் வர இந்த ஈரமும் ஒரு காரணம்.

கைக்குழாய் இல்லாத இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் போதும். நபி (ஸல்) 'முத்து' என்ற பழைய அளவு ஒன்று தண்ணீரில், ஏறக்குறைய முக்கால் லிட்டரில், ஒளு செய்தார்கள். உறுப்புகளை ஒருமுறை கழுவுவதே பர்ளு, மும்முறை சுன்னத். குதிகால், கால்விரல் இடுக்கு, கைக்கடிகாரப் பட்டைக்கும் இறுக்கமான மோதிரத்துக்கும் அடிப்பகுதி ஆகியவைதான் வழக்கமாக நனையாமல் போகிறவை. ஓர் ஊசிமுனை இடம் காய்ந்திருந்தாலும் ஒளு செல்லாது.

அப்போ சாக்ஸ் மேலயே தடவிக்கலாமா?

சாதாரணப் பருத்தி, நைலான் சாக்ஸ் மீது இரு மத்ஹபிலும் கூடாது. கணுக்கால் மூடிய, தண்ணீர் உள்ளே புகாத, போட்டு நடந்தால் தாங்கும் தோல் காலுறை வேண்டும். 'குஃப்' என்று கேட்டால் இஸ்லாமியப் பொருள் கடைகளில் கிடைக்கும். மேலே ஷூ போடலாம். கெட்டியான துணிக் காலுறைக்கு ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. 'தடவலாம்' என்று இணையத்தில் வரும் பதில்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை.

காலையும் கழுவி முழு ஒளு செய்த பிறகே குஃபை அணிய வேண்டும். இந்த மஸ்ஹு செல்லும் காலம் ஊரில் இருப்பவருக்கு 24 மணி நேரம், பயணிக்கு 72. அணிந்த நேரத்திலிருந்து எண்ணாதீர்கள், அணிந்தபின் முதல் முறை ஒளு முறிந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். காலை 7க்கு அணிந்து 11க்கு ஒளு முறிந்தால் மறுநாள் 11 வரை. ஈரக்கையால் மேல்பக்கம் ஒரு தடவை இழுத்தால் போதும். ஹனஃபியில் மூன்று விரல் அகலம் கட்டாயம். இடையில் கழற்றினால் மஸ்ஹு போய்விடும், காலைக் கழுவிக்கொள்ள வேண்டும். குளிப்பு கடமையானாலும் அப்படியே.

தொழுறதுக்கு ரூம் இல்ல. எங்க தொழுவேன்?

சுத்தமான இடம், ஆள் குறுக்கே போகாத திசை, இரண்டும் போதும். காலியான மீட்டிங் அறை, மாடிப்படியின் மேல்தளம், ஸ்டோர் ரூம் ஓரம் எல்லாம் செல்லும். மீட்டிங் அறையை 15 நிமிடம் முன்பதிவு செய்துகொண்டால் நடுவில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். தீயணைப்பு வழியை மட்டும் அடைக்காதீர்கள். மடித்துப் பையில் வைக்கும் மெல்லிய முஸல்லா (தொழுகை விரிப்பு) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

உடையை யாரும் கவனிப்பதில்லை. ஆணுக்குத் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைய வேண்டும். இடுப்புக்குக் கீழே இறங்கிய ஜீன்ஸும் குட்டைச் சட்டையும் போட்டவருக்கு சுஜூதில் முதுகின் கீழ்ப்பகுதி வெளியே தெரியும். உடனே மூடாவிட்டால் தொழுகை முறியும். சட்டையை உள்ளே செருகிக்கொள்ளுங்கள், அல்லது நீளச் சட்டை போடுங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பைக்குள் போடுங்கள், சுஜூதில் அது நெற்றிக்குக் கீழே வந்து விழும்.

கிப்லா திசை போன் காட்டுறது ஒவ்வொரு தடவையும் மாறுதே?

போனின் திசைகாட்டி காந்தத்தில் இயங்குவது. இரும்பு மேசை, மடிக்கணினி, காந்த மூடி உள்ள போன் உறை எல்லாம் அதைக் குழப்பும். உறையைக் கழற்றி, மேசையை விட்டு நான்கடி தள்ளி நின்று பாருங்கள். தமிழ்நாட்டில் கிப்லா நேர் மேற்கு அல்ல. சென்னையில் மேற்கிலிருந்து 18 பாகை வடக்கே, கன்னியாகுமரியில் 24 பாகை வடக்கே.

போனே வேண்டாம் என்றால் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கும்: மே 27 அல்லது 28, இந்திய நேரம் பிற்பகல் 2.48, ஜூலை 15 அல்லது 16, பிற்பகல் 2.57. அந்த நிமிடத்தில் ஜன்னல் வழியே சூரியன் தெரியும் திசைதான் கிப்லா. சுவரில் சின்னக் குறி ஒன்று போட்டுக்கொண்டால் அந்த அலுவலகத்துக்கு அது நிரந்தரம். ஹனஃபியில் இருபுறமும் 45 பாகை வரை விலகல் பொறுக்கப்படும். ஷாஃபிஈயில் முடிந்தவரை சரியாகக் குறிவைக்க வேண்டும்.

மஃரிப் நேரத்துல தினமும் பஸ்லயோ டிரெயின்லயோதான் இருக்கேன். என்ன பண்றது?

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது இது. சென்னையில் சூரியன் மறைவது நவம்பரில் 5.39, ஜூலையில் 6.39. அதிலிருந்து இஷா வரை 70 நிமிடத்துக்குச் சற்று மேல். அலுவலகம் விடும் நேரமும் அதுவே. நவம்பரில் பிரச்சினை குறைவு, தொழுதுவிட்டே கிளம்பலாம். ஜூன், ஜூலையில் 6 மணிக்குக் கிளம்பினால் பாங்கு சாலையில்தான் கேட்கும். ஒளுவோடு கிளம்புங்கள். வழியில் இறங்கி ஏறக்கூடிய நிறுத்தம் ஒன்றையும் அதன் பக்கத்துப் பள்ளிவாசலையும் முன்பே தேர்ந்து வையுங்கள். புறநகர் ரயிலில் அடுத்த வண்டி சில நிமிடங்களில் வந்துவிடும், நடைமேடையின் கடைசி முனையில் மூன்று ரக்அத்துக்கு 5 நிமிடம் போதும். கம்பெனி வேனில் போகிறவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. அவர்கள் அரை மணி தாமதமாகக் கிளம்பும் வேனுக்கு மாறிக்கொள்வதே பெரும்பாலும் தீர்வாக அமைகிறது.

இறங்கவே வழியில்லாமல் நேரம் முடியப் போகிறது என்றால், ஷாஃபிஈ மத்ஹபின்படி நேரத்தின் கண்ணியத்துக்காக இருந்த நிலையிலேயே முடிந்த அளவு தொழ வேண்டும். இறங்கியபின் முறையாகத் திரும்பத் தொழ வேண்டும். ஹனஃபி ஆலிம்களும் கூட்ட நெரிசலால் உட்கார்ந்து தொழுததைத் திரும்பத் தொழச் சொல்கிறார்கள். பர்ளில் நிற்பதும் கிப்லாவும் கட்டாயம் என்பதே காரணம். நிற்க இடம் இருக்கும் நெடுந்தூர ரயிலில் நின்றே தொழுங்கள். வண்டி வளைந்து திசை மாறியது தெரிந்தால் நீங்களும் திரும்பிக்கொள்ளுங்கள்.

டிரெயின்னா பயணம்தானே? கஸ்ரு, ஜம்உ பண்ணலாமே?

தூரம் போதுமானதாக இருக்க வேண்டும். இரு மத்ஹபிலும் அது 80 கி.மீ.ஐ ஒட்டிய கணக்கு. சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு 60 கி.மீ., ஆகவே தினமும் போய்வந்தாலும் அது பயணமாகாது. காட்பாடியிலிருந்து சென்னை 130 கி.மீ. அளவு. தினமும் வருகிறவரும் பயணிதான்: ஊர் எல்லை தாண்டியது முதல் திரும்பி எல்லைக்குள் நுழையும் வரை நான்கு ரக்அத் பர்ளு இரண்டாகும், இதுவே கஸ்ரு. தனியாகத் தொழுதால் மட்டும். உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் நான்கும் தொழ வேண்டும்.

ஜம்உ, அதாவது இரண்டு தொழுகைகளை ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுவது, வேறு. ஷாஃபிஈயில் பயணி லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்க்கலாம். முற்படுத்திச் சேர்த்தால் வரிசை மாறக்கூடாது, முதல் தொழுகை முடிவதற்குள் ஜம்உ நிய்யத் (மன எண்ணம்) வேண்டும், இடையில் நீண்ட இடைவெளி கூடாது. பிற்படுத்தினால் முதல் தொழுகையின் நேரத்துக்குள்ளேயே அந்த நிய்யத் வைத்துவிட வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம், மறந்தால் அது களா. ஹனஃபியில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டுமே ஜம்உ.

ஊர்லயேதான் இருக்கேன். ஆனா ஆபரேஷன் தியேட்டர்ல ஆறு மணி நேரம். அப்பவும் சேர்க்கக் கூடாதா?

நபி (ஸல்) மதீனாவில் அச்சமோ மழையோ இல்லாத நிலையில் சேர்த்துத் தொழுததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. காரணம் கேட்டபோது, தம் சமுதாயத்தைச் சிரமப்படுத்த விரும்பவில்லை என்று விளக்கினார். இதை வைத்து இப்னு சீரீனும், ஷாஃபிஈ அறிஞர்களில் அல்கஃப்பாலும், வழக்கமாக்கிக்கொள்ளாத ஒருவர் தேவைக்குச் சேர்க்கலாம் என்றதாக இமாம் நவவி பதிவு செய்கிறார். இரு மத்ஹபின் பொதுத் தீர்ப்பு அதுவல்ல.

அறுவை மருத்துவர், நடுவில் நகர முடியாத நர்ஸ், பல மணி நேரத் தேர்வு எழுதுகிறவர் ஆகியோர் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள் என்பது எங்கள் கருத்து. வாராந்திர மீட்டிங் அங்கே வராது. அதற்கு மேலே லுஹர், அஸர் பதிலில் சொன்ன வழியே போதும்.

ஜும்ஆவுக்கு லேட்டா போய்ச் சேர்ந்தா கூடுமா? மீட்டிங்கால விட்டுட்டா?

ஷாஃபிஈயில் இரண்டாம் ரக்அத்தின் ருகூவில் இமாமுடன் சேர்ந்தால் ஜும்ஆ கிடைத்தது. அதற்குப் பிறகு சேர்ந்தால் ஜும்ஆ நிய்யத்தோடு சேர்ந்து லுஹராக நான்கு முடிக்க வேண்டும். ஹனஃபியில் கடைசி அத்தஹிய்யாத் இருப்பில் சேர்ந்தாலும் ஜும்ஆதான். முழுவதும் தவறினால் லுஹர் நான்கு. இரண்டு ரக்அத் ஜும்ஆவைத் தனியாகத் தொழ முடியாது. அலட்சியமாக மூன்று ஜும்ஆக்களை விட்டவரின் உள்ளம் முத்திரையிடப்படும் என்ற எச்சரிக்கை அபூதாவூதிலும் திர்மிதியிலும் உண்டு.

காலண்டரில் வெள்ளி 12.30 முதல் 2.00 வரை நிரந்தரமாக அடைத்து வையுங்கள். ஒரே வட்டாரத்தில் குத்பா (பிரசங்க) நேரம் பள்ளிக்குப் பள்ளி மாறும். முன்னதாக முடிக்கும் பள்ளி எது என்று தெரிந்து வைத்திருப்பது பெரிய உதவி.

அமெரிக்க ஷிஃப்ட். காலையில 4 மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தா சுபுஹு போயிடுது.

சென்னையில் சுபுஹு ஜூனில் 4.20 அளவில், பிப்ரவரித் தொடக்கத்தில் 5.20 அளவில். 4 மணிக்கு வருகிறவர் படுக்காமல் காத்திருந்து நேரம் நுழைந்ததும் தொழுதுவிட்டுத் தூங்குவதே நடக்கக்கூடிய வழி. ஆறு மணிக்கு எழுந்து தொழலாம் என்ற திட்டம் ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. தூக்கத்தில் தவறியவர் விழித்ததும் தொழ வேண்டும் என்ற ஹதீஸ் உண்மையான தூக்கத்துக்கு உரியது, அலாரம் வைக்காமல் படுத்துக்கொள்வதற்கு அல்ல. பகல் தூக்கத்தில் 2.45க்கு ஓர் அலாரம் வைத்தால் லுஹர் தொழுது, சற்று இருந்து அஸரும் தொழுதுவிட்டு மீண்டும் படுக்கலாம். ஹனஃபிகள் அலாரத்தை 3.45க்குத் தள்ளிக்கொள்ளலாம். இஷாவை முதல் அழைப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நெயில் பாலிஷ் போட்டிருந்தா? அப்புறம், மதியம் ஆபீஸ்ல ஹைளு நின்னா எந்தத் தொழுகையிலிருந்து தொடங்கணும்?

நெயில் பாலிஷ் தண்ணீரைத் தடுக்கும், ஒளுவும் குளிப்பும் செல்லாது. மருதாணி நிறம் மட்டும்தான், தடையில்லை. ஹைளு (மாதவிடாய்) நாட்களில் விட்ட தொழுகைக்குக் களா இல்லை, நோன்புக்கு உண்டு.

அஸர் நேரத்தில் சுத்தமானால் ஷாஃபிஈ பெண் குளித்து அன்றைய அஸரோடு லுஹரையும் தொழ வேண்டும், இரண்டும் சேர்க்கப்படும் தொழுகைகள் என்பதால். இஷா நேரத்தில் சுத்தமானால் மஃரிபும் அப்படியே. ஹனஃபியில் அந்த நேரத்துத் தொழுகை மட்டும். அலுவலகத்தில் குளிக்க முடியாது என்பதால் வீடு திரும்பியதும் மஃரிபுக்கு முன் குளித்துத் தொழப் பாருங்கள். முடியாமல் போனால் களாவாகத் தொழுங்கள்.

நோன்பு நேரத்துல இன்சுலின், இன்ஹேலர்?

இன்சுலின் ஊசி, இரத்தப் பரிசோதனை, கண் சொட்டு மருந்து ஆகியவற்றால் நோன்பு முறியாது. மூக்குச் சொட்டு மருந்து உள்ளே போனால் முறியும். இன்ஹேலர் முறிக்கும் என்பதே இங்குள்ள மத்ஹப் ஆலிம்களின் தீர்ப்பு. இப்னு உஸைமீன் போன்ற சவூதி அறிஞர்கள் முறியாது என்கிறார்கள். சர்க்கரை அளவை மாத்திரையாலும் ஊசியாலும் சமாளிக்கிறவர் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். பகலில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால் நோன்பை விட்டுவிட அனுமதி இருக்கிறது, பிறகு களா செய்தால் போதும்.

தினமும் குர்ஆன் ஓத நேரமே இல்ல. போன்ல ஓதினா ஒளு வேணுமா?

போனைத் தொட ஒளு அவசியமில்லை என்கிறார்கள் இன்றைய ஆலிம்களில் பெரும்பாலோர். திரையில் தெரிவது அச்சிட்ட முஸ்ஹஃபு (குர்ஆன் பிரதி) அல்ல. மதீனா முஸ்ஹஃபு 604 பக்கம். ஒவ்வொரு பர்ளுக்குப் பின்னும் 4 பக்கம் ஓதினால் நாளுக்கு ஒரு ஜுஸ்உ (முப்பதில் ஒரு பாகம்), மாதத்தில் ஒரு கத்தம் (முழு ஓதல்). முடியாதவர் ஒரு பக்கம் ஓதட்டும். அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிட்டு ஓதுங்கள்.

பத்து வருஷமா விட்ட தொழுகை இருக்கு. இப்ப எப்படி அடைக்கிறது?

நான்கு மத்ஹபின் பொதுத் தீர்ப்பு, களா கட்டாயம். இப்னு ஹஸ்மும் இப்னு தைமிய்யாவும் வேண்டுமென்றே விட்டதற்குக் களா இல்லை, தவ்பாவும் (பாவமன்னிப்புக் கோரல்) நஃபிலும் (உபரித் தொழுகை) அதிகமாக்க வேண்டும் என்றார்கள். தவ்ஹீத் அமைப்பினர் பலர் இதையே சொல்வதால் ஒரே குடும்பத்தில் இரண்டு பதில் கிடைக்கும்.

அடைப்பவர் பருவமடைந்த வயதிலிருந்து கூடுதலாகவே மதிப்பிட்டு எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள் மாதவிடாய் நாட்களைக் கழிக்கலாம். அன்றாடத் தொழுகை ஒவ்வொன்றோடும் அதே தொழுகையின் களா ஒன்று: நாளுக்கு 17 ரக்அத், ஹனஃபிகளுக்கு வித்ரு சேர்த்து 20. "என் பொறுப்பில் உள்ள முதல் லுஹர்" என்று நிய்யத் வைத்தால் தேதி தேட வேண்டியதில்லை. ஷாஃபிஈயில் காரணமின்றி விட்டதை உடனே அடைப்பது கடமை, அது முடியும்வரை சுன்னத்துகளைக் கூடத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். ஹனஃபியில் முன்பின் சுன்னத்துகளை விடாமல் களாவையும் சேர்த்துத் தொழலாம்.

விமானத்துல நோன்பு திறக்கிறது எந்த ஊர் நேரத்துக்கு?

எந்த ஊர் நேரமும் இல்லை. உங்கள் ஜன்னலில் சூரியன் மறைய வேண்டும். கீழே உள்ள ஊரில் பாங்கு சொல்லிவிட்டாலும் மேலே சூரியன் தெரிந்தால் திறக்கக் கூடாது. மேற்கு நோக்கிப் பறந்தால் பகல் நீளும், தாங்க முடியாவிட்டால் பயணிக்கு விட அனுமதி உண்டு. தரையில் மஃரிப் நுழைந்து நோன்பு திறந்தபின் விமானம் ஏறி, மேலே சூரியன் மீண்டும் தெரிந்தால்? நோன்பு முடிந்துவிட்டது, இறங்கும்வரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தொழுகைக்குப் பணிப்பெண்ணிடம் கேட்டால் சமையல் பகுதிப் பக்கம் நிற்க இடம் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் மேலே பஸ்ஸுக்குச் சொன்ன சட்டமே இதற்கும்.